மடிப்புக் கலையாத மாப்பிள்ளை

வரவேற்பறையில் புதிதாக நிற்க வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னைவிடப் படித்தவர்கள். கம்ப்யூட்டரில் அறை ஒதுக்குகிறீர்கள், இந்தியில் பேசுகிறீர்கள், விருந்தினர் எத்தனை நட்சத்திரம் போட்டார் என்று பார்த்துவிட்டுத்தான் மதியம் சாப்பிடவே போகிறீர்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, முப்பத்தொரு வருசம் இங்கன இருந்திருக்கீங்க, பிள்ளைகளுக்கு நாலு விசயம் சொல்லுங்க" என்றார். குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்தவனிடம் நாலு இல்லை, நானூறு இருக்கும். நம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஊருக்குப் போன பெரிய மனிதர், அருவியில் பல்செட்டை விட்டுவிட்டு நம்மிடம் வேறு பல் கேட்டவர், மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோன குரங்கோடு பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னவர். அவர்களையெல்லாம் டீ குடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒன்று என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன், சொல்லச் சொல்ல எண்ணிக்கை கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையே ஆளை எடைபோடுவதுதான். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. காலி செய்த அறையைக் காட்டினால் போதும், தங்கியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். தலையணைக்கு அடியில் முறுக்கு இருந்தால் வீட்டில் பயந்து வாழ்கிறவன். சுவிட்சில் துணி காயப் போட்டிருந்தால் அரசாங்க உத்தியோகம். என் கணிப்பு தப்பியதே இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைக்கனத்தில்தான் என் மகள் முத்துவுக்கு மாப்பிள்ளை பிடித்தேன். ஒரு சாரல் காலத்தில் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஐந்து இளவட்டங்கள் வந்து இரண்டு அறை எடுத்தார்கள். காலி செய்தபின் முதல் அறையைப் பார்த்தால் திருவிழா முடிந்த மைதானம். இரண்டாவது அறையில் தனியாகத் தங்கியிருந்த ஒருவன் மட்டும் விரிப்பை நாலாக மடித்து, முனையோடு முனை சேர்த்து, அதன்மேல் துண்டை வைத்து, குளியலறையில் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். நான் அறையைச் சுத்தம் செய்யவிடவில்லை. வீட்டுக்கு போன் போட்டு மனைவியை வரவழைத்துக் காட்டினேன். "அறையையே இப்படி வச்சிருக்கான், நம்ம முத்துவ எப்படி வச்சிக்கிடுவான் பாரு" என்றேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குளிக்க வந்த எடத்துல ஒரு எளந்தாரிப் பய வாளியக் கவுத்து வச்சிட்டுப் போவானா? எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். விசாரித்தால் நல்ல குடும்பம், ஆபீஸ் வேலை, குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. கல்யாணம் முடிந்தது. விரிப்பை மடித்து வைத்த மாப்பிள்ளை கதையை வருகிற போகிற விருந்தினருக்கெல்லாம் சாவி கொடுக்கும்போதே சொல்வேன்.

ஏழு வருஷம் போனது. இடையில் என் மனைவி இறந்துவிட்டாள். சீசன் வந்தால் வடகரையில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிவிட்டு லாட்ஜிலேயே தங்கிவிடுவேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின சாரலில், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, முன்வாசலில் ஈரம் சொட்டச் சொட்ட என் மகள் முத்துலட்சுமி நின்றாள். ஒரு கையில் ஆறு வயதுப் பேத்தி தன்யா, மறு கையில் பிள்ளையின் புத்தகப்பை. வேறு சாமான் எதுவும் இல்லை.

பெற்ற தகப்பன் என்ன கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது இது: "வாங்க, எத்தனை நாளைக்கு?"

வாய்க்குப் பழகிய வார்த்தை, வந்துவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தெரியலப்பா" என்றாள். அதோடு விட்டேனா? பதிவேட்டில் எழுதாமல் ஒரு ஈயைக்கூட நான் அறைக்குள் விட்டதில்லை, முதலாளியின் மச்சானே ஆதார் நகல் கொடுத்துவிட்டுத்தான் தங்கினார். அந்த வருஷம்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். வந்த நோக்கம் என்ற இடத்தில் "அருவியில் குளிக்க" என்று போட்டேன், எல்லோருக்கும் போடுவதுதான். கைபேசி எண் கேட்டேன். "போன் உடஞ்சிட்டுப்பா" என்றாள். எண் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. அந்த வீட்டு எண்களில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதைப் போட்டேன். கம்ப்யூட்டர் சந்தோஷமாக நகர்ந்தது. மலையைப் பார்த்த பதினாலாம் அறைச் சாவியைக் கொடுத்து அனுப்பினேன்.

அரைமணி கழித்து இட்லி வாங்கிக்கொண்டு மேலே போனேன். தாயும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"ஏட்டி முத்து, கட்டில் இருக்கும்போது ஏன் தரையில இருக்கீங்க?"

பதில் சொன்னது பேத்தி. "கட்டில்ல இருந்தா விரிப்பு சுருங்கிரும் தாத்தா. சுருங்குனா அம்மாவுக்கு அடி விழும்."

புதிதாக வந்தவருக்கு லாட்ஜ் விதிகளை நாம் சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னாள். நான் இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைக்காமல் நின்றேன்.

பிறகு முத்து பேசினாள். அழவில்லை. டம்ளர்களின் வாய் ஒரே பக்கம் பார்க்கவில்லை என்றால் அடி. செருப்பு ஜோடி கோணினால் அடி. சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கவில்லை என்று போனைச் சுவரில் எறிந்திருக்கிறான். "நேத்து தன்யா பொம்மைக்குக் கலர் அடிச்சா. கோட்டைத் தாண்டி அடிச்சிட்டான்னு பிள்ளையோட கைய முறுக்கிட்டாருப்பா. அதுவரைக்கும் அடி எனக்குத்தானேன்னு இருந்தேன். இன்னைக்கு மொத பஸ்ஸுல ஏறிட்டேன்."

"இத்தனை வருசமா ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"ரெண்டு தடவ போன் பண்ணுனேம்லா. சீசன் முடியட்டும், பேசிக்கிடலாம்னு சொன்னீங்க. அப்புறம் அந்தப் பெட்சீட்டு கதை. ஒங்கப்பாவே எனக்கு சர்டிபிகேட்டு குடுத்திருக்காருன்னு சொல்லிச் சொல்லி அடிப்பாருப்பா."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாளியைப் பார்த்துப் பயந்த என் மனைவி எதையும் படித்தவள் இல்லை, ஒரு நாளும் இங்கே வேலை பார்த்தவளும் இல்லை. ஆனாலும் அந்த அறையைச் சரியாகப் படித்தவள் அவள்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

துக்கப்பட அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை. அறைகளைக் கவனிக்கும் கோமதி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல யார் நம்பரப் போட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறை போட்டதும் அந்த எண்ணுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும். "அன்புள்ள விருந்தினரே, அறை எண் 14 தங்களை அன்புடன் வரவேற்கிறது. அருவிக் குளியல் இனிதே அமையட்டும்." பொண்டாட்டியைக் காணோம் என்று தேடுகிறவனுக்கு, நானே அறை எண்ணோடு அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறேன். ஓடிப்போய் அந்தப் பதிவை அழித்தேன். அழித்ததும் இன்னொரு செய்தி போனது. "எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் இடுங்கள்."

"நீங்க இனிமே எதையும் தொடாதீங்க" என்றாள் கோமதி. தன் போனிலிருந்து பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டு முத்துவின் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேசியவர் நிதானமாக எல்லாம் கேட்டுக்கொண்டு, தென்காசியிலிருந்து அதிகாரி வர மதியமாகும், அதுவரை பிள்ளையை யாரோடும் அனுப்பாதீர்கள், தனியாக இருக்காதீர்கள் என்றார். மூன்றாம் மாடியில் துணி வைக்கும் அறையில் இருவரையும் உட்காரவைத்துக் கோமதி உள்ளே இருந்து பூட்டிக்கொண்டாள். நான் கீழே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்கு அருவியில் வெள்ளம் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நம் பின்முற்றத்தில் இசக்கியண்ணன் எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பிய, இங்கே தங்கியிருந்த மதுரைக் கம்பெனி ஆட்கள் முப்பது பேரும் அப்படியே திரும்பி வந்துவிட்டார்கள். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். இந்தக் கோலத்தில் அறைக்குள் போகக்கூடாது என்பது நம் விதி. நாற்காலியிலும் உட்காரக் கூடாது. தடை எப்போது நீங்கும் என்று தெரியாமல் மாடிப்படி முழுக்க வரிசையாக நின்றார்கள்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். கூடவே அவனுடைய தாய்மாமன், மீசையும் மோதிரமுமாக, ஊர்ப் பஞ்சாயத்துகளில் கடைசி வார்த்தை பேசுகிற மனிதர். தூறலில் இரண்டு மணி நேரம் வந்தும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

"வணக்கம் மாமா. சின்ன மனஸ்தாபம்தான். திங்கக்கிழமை பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே, முத்து கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாளோ என்று தோன்றிவிட்டது. அவ்வளவு மரியாதை, அவ்வளவு மெல்லிய குரல். அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தேன். வாய் அழுதுகொண்டிருக்க, கை என் மேஜையில் இருந்த பேனாக்களை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தது. மணியை நேராக்கியது. நோட்டீஸ் கட்டின் ஓரத்தைத் தட்டிச் சமமாக்கியது. வாயை நம்பிப் பழகியவன் நான், அன்றைக்குக் கையை நம்பினேன்.

"யார் தங்கியிருக்காங்கன்னு வெளியாளுக்குச் சொல்லுத வழக்கம் இங்க இல்ல" என்றேன்.

அவன் போனை எடுத்து நீட்டினான். "நீங்கதான மாமா அனுப்பியிருக்கீங்க?"

தாய்மாமன் மேஜையில் மோதிரக் கையால் தட்டினார். "என்ன மேனேஜரே, பிள்ளையக் கூப்பிடும். நாலு பேருக்கு முன்னால வச்சுப் பேசி முடிச்சிருவோம்."

நெருக்கடியில் பெரிய யோசனை எதுவும் வராது. தொழில் பழக்கம்தான் வரும். கோபமாக வரும் விருந்தினருக்கு நாம் என்ன செய்வோம்? ஏதாவது ஒன்றை இலவசமாகக் கொடுப்போம்.

"அண்ணாச்சி, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, இடுப்புப் பிடிச்சிருக்குமே. நம்ம இசக்கியண்ணன் கையால ஒரு எண்ணெய்த் தேய்ப்பு. லாட்ஜ் உபசாரம், வேண்டாம்னு சொல்லக்கூடாது."

அவர் மீசையைத் தடவினார். பிறகு இடுப்பைத் தடவினார். "பத்து நிமிசம்தான்" என்றார். பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். இசக்கியண்ணன் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "நரம்பு நரம்பா எடுக்கணும் போலிருக்கே, அவசரப்பட முடியாதுல்லா" என்று அவரைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்தார். மீசையும் மோதிரமும் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், உடம்பெல்லாம் எண்ணெயோடு குப்புறப் படுத்திருக்கிறவரால் பஞ்சாயத்துப் பேச முடியாது.

நான் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை மாடிப்படிக்குப் போய்விட்டான். படியில் முப்பது எண்ணெய் மனிதர்கள். அவர்கள் நல்ல மனதோடு ஒதுங்கினார்கள். "வாங்க சார், இப்படி இடுக்குல பூந்து போங்க." இடுக்கு ஒரு சாண் இருந்தது. அவன் முதல் படியில் ஒரு காலை வைத்தான். சட்டையைப் பார்த்தான். காலை எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, "வேற படி இல்லையா மாமா?" என்று கேட்டான்.

"அடுக்களை வழியா ஒண்ணு இருக்கு. ஆனா அங்கன பஜ்ஜி போடுதாங்க, எண்ணெய் தெறிக்கும்" என்றேன். அது பொய்யே இல்லை.

கால்மணி நேரம் அவன் அங்கேயே நின்றான். பெண்டாட்டி பிள்ளையை இழுத்துப்போக இவ்வளவு தூரம் வந்தவன், ஒரு சட்டைக்காக இருபத்திரண்டு படி ஏறாமல் நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வருஷம் இவனிடம் என் மகள் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது இசக்கியண்ணன் துண்டு எடுக்க உள்ளே வந்தார். "தம்பி, கொஞ்சம் வழி" என்று அவன் தோளைத் தொட்டார். தெரியாமல் தொட்டாரா, தெரிந்தே தொட்டாரா என்று இன்றுவரை சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

அடுத்த நொடி மாப்பிள்ளை அவரை அறைந்தான். அறுபது வயது மனிதரின் கன்னத்தில், முழுக் கையால். அடித்தவன் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கை அடித்து முடிப்பதற்குள் மறு கை சட்டையைத் துடைக்கப் போய்விட்டது. நெடுநாள் பழகிய கை அது.

பின்வாசலில் தாய்மாமன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்திருந்தார். வேகமாக உள்ளே வரப் பார்த்ததில் வழுக்கி, நிலைக்கதவைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தார். அந்தப் பிடியை விடாமலே கேட்டார்.

"ஏலே, அந்தப் பிள்ளையையும் இப்படித்தான் அடிப்பியோ?"

"சட்டையப் பாருங்க மாமா."

"சட்டையவா கேட்டேன்?"

மாப்பிள்ளை சட்டையைத் துடைத்துக்கொண்டே வெளியே போகப் பார்த்தான். முன்கதவை நோக்கி எண்ணெய் மனிதர்கள் நாலைந்து பேர் நகர்ந்து நின்றார்கள், ஒருவரும் அவனைத் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். இரண்டு பெண் போலீஸ் கூட வந்தார்கள். அதிகாரி சின்னப் பெண்தான், என் பதிவேட்டைத் தூக்கினால் சாய்ந்துவிடுவார் போலிருந்தது. ஆனால் அவர் முதலில் மூன்றாம் மாடிக்குப் போய் முத்துவோடும் தன்யாவோடும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அதன்பிறகுதான் கீழே வந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மகளிடம் முதலில் அப்படி உட்கார்ந்து கேட்க எனக்குத் தோன்றவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியாக, "இங்க அடிச்சதைப் பார்த்தவங்க யாரு?" என்றார். முப்பது எண்ணெய்க் கைகள் உயர்ந்தன. வாக்குமூலக் காகிதங்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. "கையத் துடைச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க, கோர்ட்டுல என்னையத்தான் கேப்பாங்க" என்று அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். முதல் கையெழுத்து தாய்மாமனுடையது. அந்தக் காகிதம் இன்றும் வழக்குக் கட்டில் இருக்கிறது, எழுத்தைவிட எண்ணெய் அதிகம்.

அவன் இவர்கள் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. சில வாய்தாவுக்குப் போய்விட்டு வந்தால் முத்து இரண்டு நாள் பேசமாட்டாள். எல்லாம் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வடகரை வீட்டில் என்னோடுதான் இருக்கிறார்கள். முத்து செங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தன்யா வீட்டுச் சுவரில் கலர் அடிக்கிறாள், நான் வெள்ளையடிக்கப் போவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முத்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இத்தனை வருசத்துல என்னைய மாதிரி எத்தனை பேரு ஒங்க லாட்ஜுக்கு வந்திருப்பாங்கப்பா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை. ஒருத்தியைச் சொன்னேன். பல வருஷத்துக்கு முன்பு, புதுசாகக் கல்யாணமான ஜோடி. நல்ல சாரல், எல்லோரும் சுக்குக்காபி கேட்கிற குளிர். ஒரு பகல்நேரத்தில் மேல் அறையிலிருந்து அந்தப் பெண் போன் செய்து, "கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்று கேட்டாள். அந்தக் குளிரில் யாரும் ஐஸ் கேட்கமாட்டார்கள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அறைக்குள் நடப்பது நமக்குச் சம்பந்தமில்லை என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஒரு கிண்ணத்தில் ஐஸ் போட்டு, மேலே துண்டு மூடி அனுப்பிவைத்தேன். மறுநாள் காலி செய்து போகும்போது அவன் எனக்குக் கைகொடுத்தான். அவள் முந்தானையை ஒரு கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கும்பிட்டு, "மறுபடியும் வாங்க" என்றேன்.

முத்து கீரையைக் கீழே வைத்தாள்.

"ஐஸ நீங்களே கொண்டு போயிருக்கலாம்லாப்பா" என்றாள்.

போயிருக்கலாம். வரவேற்பறையிலிருந்து அந்த அறைக்கு இருபத்திரண்டு படிகள். நான் ஏறவில்லை. நீங்கள் ஏறுங்கள்.